மேல் ஆறு திட்டுகள்

ஜூன் 3, செவ்வாய்

கூட்டுப்பாறைச் சாவடிக்கு வந்து இரண்டு நாள் ஆகிறது. ஒரு அறை, ஒரு கட்டில், சூரியத் தகட்டில் ஓடும் ஒரு விளக்கு. வாசலுக்கு நேராக மலைப்பாதை, அதன் குறுக்கே ஒரு இரும்புக் கம்பம். அந்தக் கம்பத்தை எப்போது தூக்குவது என்று சொல்வதுதான் என் வேலை.

போன வருடம்வரை ஜூன் பத்தாம் தேதி வந்ததும் கம்பத்தைத் தூக்கிவிடுவார்கள். மேய்ச்சல் சீட்டு வைத்திருப்பவர்களின் மாடுகள் மேலே போகும். மழை வந்ததா, புல் முளைத்ததா, யாரும் பார்த்ததில்லை. வானிலை மாறி இருபது வருடம் ஆகிறது, இவர்கள் இன்னும் தேதியைக் கட்டிக்கொண்டு அழுகிறார்கள். எங்கள் மலைப்புல் மீட்புத் திட்டத்தில் தேதி கிடையாது. மலையில் பன்னிரண்டு திட்டுகள் குறித்திருக்கிறோம். வாரம் ஒருமுறை புல்லின் உயரத்தை அளக்க வேண்டும். பன்னிரண்டின் சராசரி பன்னிரண்டு சென்டிமீட்டரைத் தொட்டால் மலை வாசல் திறக்கும். இதைவிடத் தெளிவாக ஒரு விதியை எழுத முடியாது.

இன்று கீழ் ஆறு திட்டுகளை அளந்தேன். சராசரி 3.8. புல் என்று சொல்லவே கூச்சமாக இருக்கிறது. ஏழாவது திட்டுக்கு ஏறும் வழியில் இடையூறு. திரும்ப வேண்டியதாயிற்று. இறங்கும்போது இடது கணுக்கால் பிசகிவிட்டது.

கூட வந்த வனக்காவலர் சவரிமுத்து வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தார். "கொம்பன் ஆனை காதத்தான் தம்பி ஆட்டுச்சு. நம்மளத் திரும்பிக்கூடப் பாக்கல. அதுக்குள்ள நீங்க ஸ்கேலைப் போட்டுட்டு மூணாந் திட்டுல நிக்கிறீக!"

ஐம்பது வயது ஆளுக்கு எல்லாமே சிரிப்புதான்.

ஜூன் 6, வெள்ளி

மாடுகள் வந்துவிட்டன. நூற்று நாற்பது உருப்படி. சாவடிக்குக் கீழே வறண்டு கிடக்கும் ஓடையில் பட்டி போட்டிருக்கிறார்கள். இந்த மலையில் சீட்டு வைத்திருந்த ஏழு பட்டிகளில் மிஞ்சியிருப்பது இது ஒன்றுதானாம். சீட்டு ஒச்சாயி என்ற பெண்ணின் பெயரில் இருக்கிறது. நாற்பத்தைந்து வயதிருக்கும். கூட அவள் கொழுந்தன் மொக்கச்சாமி, எலும்பும் தோலுமாக, வாயில் எப்போதும் வெற்றிலை.

சீட்டை நீட்டினாள். விதி மாறிவிட்டதைச் சொன்னேன்.

"தேதி கெட்டுப்போச்சுன்னு எங்களுக்குத் தெரியாதா சார்? அளந்து தெறக்கிறது நல்லதுதான். நல்லா அளங்க."

சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்தேன். ஏமாற்றம்தான்.

ஜூன் 10, செவ்வாய்

கீழ் ஆறு திட்டுகள்: 3.9. மேல் ஆறு: மதிப்பீடு, 6. மொத்தச் சராசரி ஐந்தைத் தொடவில்லை.

மேல் திட்டுகளுக்குச் செயற்கைக்கோள் படத்தை வைத்துக் கணக்கிடுகிறேன். அது அனுமதிக்கப்பட்ட முறைதான். களத்துக்குப் போக முடியாத சூழல் என்று காரணம் குறித்திருக்கிறேன்: கணுக்கால். மேற்குச் சரிவு முழுக்க மேகம் மூடிக் கிடப்பதால் கடைசித் தெளிவான படம் மே 11-ஆம் தேதியுடையது. அதையே எடுத்துக்கொண்டேன்.

மொக்கச்சாமி சாவடி வாசலில் நின்று சத்தம் போட்டான். "பூக்காரியாட்டம் முழம் போட்டுக்கிட்டு ஒக்காந்திருக்கான் பாரு! ஏய்யா, மாடு என்ன உன் ஸ்கேலையா திங்கும்?"

"விதி விதிதான். கத்தினால் புல் வளராது" என்றேன்.

சவரிமுத்துவுக்கு அதற்கும் சிரிப்பு.

ஜூன் 13, வெள்ளி

கணுக்காலில் வீக்கம் இல்லை. வலி இருக்கிறது.

ஜூன் 15, ஞாயிறு

அடிவாரக் கிராமத்துக்குப் போய் பரோட்டா சாப்பிட்டு வந்தேன். போக வர எட்டுக் கிலோமீட்டர். பைக்கில் பெட்ரோல் இல்லாததால் நடந்தேன். திரும்பும்போது பட்டியைக் கடந்துதான் வர வேண்டும். ஒச்சாயி ஒரு மாட்டுக்குக் கொடுக்காப்புளித் தழையை ஒடித்துப் போட்டுக்கொண்டிருந்தாள். என் காலையே பார்த்தாள்.

"நடை நல்லா இருக்கே சார்."

என் உடல்நிலையை இவளிடம் விளக்க வேண்டிய அவசியம் எனக்கில்லை.

ஜூன் 19, வியாழன்

நேற்று மாலை கீழே ஒரு தூறல். மழைமானியில் 9 மில்லிமீட்டர். தூசு அடங்கியது, அவ்வளவுதான். கீழ் ஆறு திட்டுகள்: 4.1.

காலையில் ஒச்சாயி வந்தாள். இந்த முறை சாரும் இல்லை, மரியாதையும் குறைவு.

"ஏப்பா, மேற்க பாத்தியா? இருபது நாளா மலைத்தலை கருக்கலாக் கெடக்கு. அங்கிட்டு ஊத்துது. கேரளாப் பக்கத்து மழை நம்ம முகட்டுல விழுது, இங்கிட்டு இறங்கல. மேல புல்லு நிக்கும். போயிப் பாரு."

"மேலே மதிப்பீடு எடுத்திருக்கிறேன்."

"மதிப்பீடுன்னா?"

"செயற்கைக்கோள் படம்."

"மேகம் மூடிக் கெடக்கே, உன் படத்துக்கு எப்படித் தெரியும்?"

பழைய படம் என்று சொன்னேன். எவ்வளவு பழசு என்று கேட்டாள். நான் அவளுக்கு அறிக்கை கொடுக்க வேண்டியவன் இல்லை என்றேன். "அப்ப நான் போயிப் பாத்துட்டு வந்து சொல்லுறேன், விடு" என்றாள். சீட்டு இருந்தாலும் வாசல் மூடியிருக்கும்போது காட்டுக்குள் கால் வைத்தால் வழக்கு என்று ஞாபகப்படுத்தினேன்.

கொஞ்ச நேரம் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டுப் போனாள். இவர்களுக்கு முறை என்றால் என்ன என்று ஒருநாளும் புரியப்போவதில்லை.

ஜூன் 24, செவ்வாய்

கீழ் ஆறு: 4.0. மேல் ஆறு: மதிப்பீடு. மாற்றமில்லை.

பட்டியில் இரண்டு மாடுகள் படுத்துவிட்டன. வாலைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினார்கள், மறுபடி படுத்தன. விலா எலும்புகளை இங்கிருந்தே எண்ணலாம். ஒச்சாயி தினமும் விடியற்காலையில் பாதி மாட்டை நாலு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கண்மாய்க்கரைக்கு ஓட்டுகிறாள். மீதியை மறுநாள். அங்கேயும் கோரைதான்.

"ரேஞ்சர்கிட்ட நீங்க ஒரு வார்த்தை சொன்னாத் தெறந்துருவாரு தம்பி" என்றார் சவரிமுத்து.

"எண் வந்தால் சொல்வேன்."

"எண்ணு மேலதான் கெடக்கு. நாளைக்கு வாங்க, நான் முன்னால போறேன். கொம்பன் இப்ப தெக்க எறங்கிருச்சு."

கணுக்கால் என்றேன். அவர் சிரிக்கவில்லை. இந்த ஆள் சிரிக்காமல் இருந்து நான் பார்த்ததில்லை.

ஜூன் 28, சனி

நான் கல்நெஞ்சக்காரன் இல்லை என்பதற்கு ஒரு சான்று.

மொக்கச்சாமி தண்ணீர் பிடிக்க வந்தான். கத்தவில்லை. படியில் உட்கார்ந்து, "பாக்கச் சகிக்கல சார்" என்றான், அவ்வளவுதான். டேப்லெட்டைத் திறந்து காட்டினேன். கீழ்ப்பக்கம் மேகமே இல்லை, நேற்றைய படம் கண்ணாடி மாதிரி இருந்தது. சுற்றிலும் பழுப்பு. கிழக்கே மூன்று கிலோமீட்டரில் ஒரே ஒரு திட்டு, ஏழெட்டு ஏக்கர் இருக்கும், அடர் பச்சை. பட்டா நிலம், காடு இல்லை. என் அதிகாரத்துக்கு வெளியே. அங்கே மேய்த்தால் யாரும் கேட்கப்போவதில்லை.

"அங்கிட்டு என்ன இருக்கு? நெலத்துக்காரரு திருப்பூருக்குப் போயிட்டாரே."

"பச்சை இருக்கிறது. இதோ, பசுமை எண்ணைப் பார். 0.46. இந்த வட்டாரத்திலேயே அதிகம்."

அவன் எண்ணைப் பார்த்தான். ஏதோ புரிந்த மாதிரி தலையாட்டினான்.

ஜூன் 30, திங்கள்

பதினொரு மாடுகள் இறந்துவிட்டன.

நடந்தது நடந்தபடி எழுதுகிறேன். ஒச்சாயி காலை முதல் பஸ்ஸில் தேனிக்குப் போயிருந்தாள். திங்கட்கிழமை மனு வாங்கும் நாள், வாசலைத் திறக்கச் சொல்லி மனு கொடுக்க. பத்து மணிக்கு மொக்கச்சாமி முப்பது மாடுகளைக் கிழக்கே ஓட்டியிருக்கிறான். அந்த நிலத்தில் இருந்தது சோளம். மாசியில் விதைத்து, காய்ந்து, தட்டையை அறுத்துவிட்டுப் போன சோளம். போன வாரத்துக்கு முந்தின வாரத் தூறலுக்கு அடிக்கட்டையிலிருந்து முழங்கால் உயரம் துளிர்த்து நின்றிருக்கிறது. வறட்சியில் துளிர்த்த சோளக் குருத்தில் சயனைடு இருக்கும். இது பாடத்தில் உண்டு. இவர்களுக்குப் பாடமே தேவையில்லை, பிறந்ததிலிருந்து தெரியும்.

அவனுக்கும் தெரிந்திருக்கிறது. பார்த்ததும் மறித்திருக்கிறான். மாடுகள் நிற்கவில்லை.

சவரிமுத்துவின் பைக்கில் நான் போனபோது பதினொன்றரை. ஒரு மாடு நின்றபடியே வாயைப் பிளந்து மூச்சு இழுத்தது. நுரை. கால்கள் மடங்கின. படுத்ததும் தலையைப் பின்னால் வளைத்தது. இன்னொன்று. பக்கத்தில் இன்னொன்று. அடிவாரத்திலிருந்து பெண் கால்நடை மருத்துவர் வந்தார். அவரிடம் இருந்த மருந்து ஆறு மாட்டுக்கு வரும். எந்த ஆறு என்று அவரே ஓடி ஓடிப் பார்த்துப் போட்டார். ஊர்க்காரர்கள் வெல்லத்தைக் கரைத்து மூங்கில் குழாயில் மற்ற மாடுகளுக்குப் புகட்டினார்கள். நான் ஒரு மாட்டின் தாடையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அது பிழைக்கவில்லை. மருத்துவர் அதன் காதைக் கீறிக் காட்டினார். ரத்தம் குங்குமம் மாதிரி இருந்தது, சயனைடின் அடையாளம்.

மொக்கச்சாமி என் சட்டையைப் பிடித்தான். "முப்பது மாட்ட ஒத்த ஆளு எப்படிய்யா மறிப்பான்? நீதானய்யா அந்தப் பலகையில பச்சையக் காமிச்ச! நீதானய்யா!"

பச்சை என்றுதான் சொன்னேன். புல் என்று சொல்லவில்லை.

மூன்று மணிக்கு ஒச்சாயி வந்தாள். கையில் மனு வாங்கிக்கொண்டதற்கான சீட்டு. ஒவ்வொரு மாடாகப் போய், ஒவ்வொன்றின் முன்னாலும் நின்றாள். அழவில்லை. கொழுந்தனை ஓங்கி ஒரு அறை அறைந்தாள். பிறகு அவன் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். என் பக்கம் திரும்பவே இல்லை.

ஜூலை 1, செவ்வாய்

ரேஞ்சர் ஜீப்பில் வந்தார். நல்ல மனநிலையில் இருந்தார்.

"அறிக்கையில மேய்ப்பர் கவனக்குறைவுன்னு ஒரு வரி போடு. மூடின காட்டுக்கு வெளியே, தனியார் நிலத்துல அத்துமீறி மேய்ச்சிருக்காங்க. சீட்டை ரத்து பண்ண இது போதும். இந்தப் பட்டியோட இந்த மலையில மாடு முடிஞ்சுது."

எழுதினேன்: 'இறப்பு 11. காரணம்: சோளக் குருத்து நஞ்சு. மேய்ப்பர் கவனக்குறைவு.' மூன்றும் உண்மைதான். அனுப்பவில்லை. சிக்னல் இல்லை.

ஜூலை 2, புதன்

சிக்னல் இருந்தது. மழைமானியைத் துடைத்தேன். அறையைப் பெருக்கினேன். பேட்டரிகளைச் சார்ஜ் போட்டேன்.

கால்நடை மருத்துவர் கையெழுத்து வாங்க வந்தார். "இத்தனை நாள் கீழேயே பட்டினியில நிறுத்தி வச்சா மாடு எதைப் பார்த்தாலும் பாயத்தான் செய்யும். யார் நிறுத்தினது?" என்று கேட்டார். விதி என்றேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்.

ஜூலை 4, வெள்ளி

விடிந்ததும் ஒச்சாயி கதவைத் தட்டினாள். கையில் ஒரு அரிவாள். பயந்துபோனேன், மறைக்க ஒன்றுமில்லை. வழியில் உண்ணிச்செடி வெட்ட வைத்திருந்தாளாம்.

"கிளம்பு."

"எங்கே?"

"மேல. ஸ்கேலை எடுத்துக்க. இன்னைக்கு நீ அளக்கிற, நான் பாக்குறேன்."

"வாசல் மூடியிருக்கும்போது நீ உள்ளே..."

"கேஸு போடு. எறங்கி வந்து போடு. இப்ப நட."

சவரிமுத்து கம்பத்தின் அடியில் அவள் குனிந்து நுழைவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். தடுக்கவில்லை. அவரும் கூட வந்தார்.

கணுக்கால் ஒரு தொந்தரவும் தரவில்லை. ஆறாவது திட்டைத் தாண்டியதும் என் சட்டை முழுக்க நனைந்துவிட்டது. ஈட்டிமரத்தடியில் பழைய யானை லத்தி. என் கால்கள் நின்றுவிட்டன. அவள் திரும்பிப் பார்த்தாள்.

"இதுக்குத்தானா?"

அன்று கொம்பன் நின்ற இடத்தைக் கையால் காட்டினேன்.

"இதச் சொல்லியிருந்தா நான் முன்னால நடந்திருப்பேனே. எனக்கென்ன, பயப்படுற ஆளப் பாத்ததே இல்லையா? ஆத்தாடி... இதுக்குப் போயி..."

வேகமாக நடந்தாள்.

முகட்டைத் தாண்டியதும் மழை. காற்றோடு வரும் மெல்லிய மழை, நிற்காத மழை. சரிவு முழுக்கப் புல். ஏழாவது திட்டின் அடையாளக் கல்லைக் கண்டுபிடிக்கவே கால் மணி நேரமாயிற்று, மூடிக்கிடந்தது. அளவுகோலை நட்டேன்.

"சத்தமாச் சொல்லு."

"எழுபத்தொன்று."

"அடுத்தது."

அறுபத்தெட்டு. எழுபத்து நான்கு. அறுபத்தைந்து. எழுபது. பன்னிரண்டாவது திட்டில் அளவுகோலே சாய்ந்துவிட்டது, மறுபடி நட்டேன். எழுபத்தாறு.

அவள் ஒரு தாளைப் பிடுங்கி ஒடித்துப் பார்த்தாள். "தண்டு ஏறிப்போச்சு. பூ வச்சிருச்சு. கெடேரிக்கு ஆகும், கெழட்டு மாடு கடிக்க முடியாது. போன மாசம் இது வெண்ணெய் மாதிரி இருந்திருக்கும்." ஒடித்த தாளை என் சட்டைப்பையில் செருகினாள். "வச்சுக்க. ஆபீசுக்குக் காமி."



ஜூலை 5, சனி

செயற்கைக்கோள் படங்களின் காப்பகத்தில் தேடினேன். ஜூன் 14 அன்று காலை ஒரே ஒரு முறை மேகம் விலகியிருக்கிறது. மேல் ஆறு திட்டுகளும் தெரியும் படம். 15-ஆம் தேதியிலிருந்து அது சர்வரில் இருக்கிறது. நான் தேடவே இல்லை.

கீழே நான்கு இருக்கும்போது மேலே இருபது இருந்தால் சராசரி பன்னிரண்டு வந்துவிடும். அந்தப் படத்தின்படி மேலே இருபதுக்குக் குறைவில்லை.

ஜூன் 14. மாடுகள் இறந்தது ஜூன் 30. இடையே பதினாறு நாள்.

விதியில் தப்பில்லை. விதி சரியாகவே இருந்தது.

பழைய அறிக்கையை அழித்துவிட்டு இதை அனுப்பினேன்:

'திட்டு 7 முதல் 12 வரை ஜூன் 3 முதல் ஜூலை 3 வரை நேரில் அளக்கப்படவில்லை. உடல்நலக் காரணம் என்று குறித்தது தவறு. ஜூலை 4 அளவுகள் இணைப்பில். வாசல் திறந்திருக்க வேண்டிய நாள் ஜூன் 14. கீழே மேய்ச்சல் இல்லாத நிலையில், படத்தில் தெரிந்த பசுமை என்ன பயிர் என்று சரிபார்க்காமல் அந்த நிலத்தை மேய்ப்பருக்குக் காட்டியது நான். இறப்புக்கு மேய்ப்பரின் கவனக்குறைவு காரணமல்ல.'

ரேஞ்சருக்கு ஒரு நகல். மாவட்ட அலுவலகத்துக்கு ஒன்று. மனுவோடு சேர்க்கச் சொல்லி ஆட்சியர் அலுவலகத்துக்கு ஒன்று.

ஜூலை 7, திங்கள்

ரேஞ்சர் போனில் ஏழு நிமிடம் கத்தினார். "உன்னை யார்டா உத்தமன் ஆகச் சொன்னது? ஒரு வரி, ஒரே ஒரு வரி போடத் தெரியல உனக்கு" என்றார். என் ஒப்பந்தம் வியாழனோடு முடிகிறது. வாசலை அன்று காலை திறக்கச் சொல்லி மேலிடத்து உத்தரவு. சீட்டுக்குப் பாதிப்பில்லை.

ஜூலை 8, செவ்வாய்

பட்டிக்குப் போனேன். உத்தரவைச் சொன்னேன். ஒச்சாயி ஒரு கன்றுக்குப் பால்புட்டியைப் பிடித்துக்கொண்டிருந்தாள், எழுந்திருக்கவில்லை. மொக்கச்சாமி காறித் துப்பிவிட்டு அந்தப் பக்கம் போனான்.

மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன்.

"அதெல்லாம் வேணாம். நீ எழுதுனதுக்கும் சொல்லுறதுக்கும் மாடு எந்திரிச்சு வராது. ஒண்ணு மட்டும் சொல்லு. என்னைக்குத் தெறந்திருக்கணும்?"

"ஜூன் பதினாலு."

"பதினாலு..." விரல்விட்டுப் பார்த்தாள். "சனிக்கெழம. அன்னைக்குத்தான் அந்தச் செவல இந்தக் கன்னுக்குட்டியப் போட்டுச்சு."

கன்று புட்டியை முட்டி முட்டிக் குடித்தது. அந்தச் செவலை எங்கே என்று நான் கேட்கவில்லை.

ஜூலை 10, வியாழன்

ஆறு மணிக்கே மாடுகள் வந்துவிட்டன. என் பை கட்டிலில் கட்டித் தயாராக இருந்தது. வெளியே போய்க் கம்பத்தின் பூட்டைத் திறந்து, தூக்குவதற்குக் கையை வைத்தேன்.

"நீ தூக்காத" என்றாள் ஒச்சாயி. கோபமாகக்கூடச் சொல்லவில்லை. "கையை எடு. சவரிமுத்தண்ணே தூக்கட்டும்."

கையை எடுத்தேன். சவரிமுத்து வந்து தூக்கினார்.

பாதையை விட்டு விலகி, சுவரோடு ஒட்டி நின்றேன். கடைசி மாடு போய் முடிய இருபது நிமிடம் ஆயிற்று. ஒன்றுகூட என் பக்கம் திரும்பவில்லை. அவளும்தான்.